ஐந்நூறு விமானம் வாங்குகிறார்களாம், எனக்கு வேலை உண்டா?

பெரிய விமான நிறுவனம் ஒன்று நூற்றுக்கணக்கில் விமானம் வாங்கப்போகிறது என்று செய்தி வந்த மறுநாள், விமானிப் பயிற்சிப் பள்ளிகளில் தொலைபேசி ஓயாது. "ஒரு விமானத்துக்குப் பன்னிரண்டு விமானி வேண்டும், ஐந்நூறு விமானத்துக்கு ஆறாயிரம் பேர்" என்று விரல்விட்டு எண்ணி, கடன் வாங்கிச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய பெருக்கலில் பிழையில்லை. அந்த விமானங்கள் எந்த ஆண்டு வரும் என்று செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்த வரியைத்தான் அவர்கள் படிக்கவில்லை.

சில ஆண்டுகள் ஒரு விமான நிறுவனத்தில் விமானிகளுக்குப் பயிற்சி அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் அறைச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. விமானி அறையைத் தரையிலேயே அப்படியே நகலெடுத்த பயிற்சி இயந்திரமான சிமுலேட்டரின் ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரக் கட்டங்களாக அதில் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பெயர், மேலே ஒரு பயிற்றுநர் பெயர். மேல்மாடிக் கூட்டங்களில் நூறு விமானம், இருநூறு விமானம் என்று பேசுவார்கள். கீழே எங்களுக்கு அந்தக் கட்டங்கள்தான் உலகம். ஒரு பயிற்றுநருக்குக் காய்ச்சல் வந்தால் எட்டுப் பேரின் தேதி தள்ளிப்போகும். விமானி வேலை அந்தப் பலகையில் காலியாக இருக்கும் கட்டத்தில்தான் பிறக்கிறது என்பது அங்கே நான் கற்றுக்கொண்டது. இந்தத் துறைக்குள் நுழைய நினைப்பவர்கள் ஒரு நிறுவனத்தின் வளர்ச்சித் திட்டத்தை எப்படிப் படிப்பது, அதற்கேற்பத் தங்கள் தயாரிப்பை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆர்டர் செய்தியை உரித்துப் பாருங்கள்

"300 விமானங்களுக்கு ஆர்டர்" என்ற ஒரே தலைப்புக்குள் வெவ்வேறு எடையுள்ள வாக்குறுதிகள் ஒளிந்திருக்கும். உறுதி ஆர்டர் என்றால் முன்பணம் கட்டியாயிற்று, விநியோக ஆண்டும் பேசியாயிற்று. ஆப்ஷன் என்றால், பின்னாளில் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் உரிமை, விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். புரிந்துணர்வு ஒப்பந்தம் அதற்கும் கீழே. விமானக் கண்காட்சி மேடையில் கைகுலுக்கும் படத்துக்கு அது போதும், வேலைக்கு ஆள் எடுக்கப் போதாது.

2023 மே மாதம் ஐரோப்பாவின் ரயன்ஏர் நிறுவனம் அறிவித்த போயிங் 737 மேக்ஸ் 10 ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் 300. உள்ளே படித்தால் 150 உறுதி, 150 ஆப்ஷன். விநியோகம் 2027 முதல் 2033 வரை. அதிலும் ஏறக்குறைய பாதி, பழைய விமானங்களுக்கு மாற்றாக வருபவை என்று நிறுவனமே சொன்னது. பழைய விமானம் வெளியே போய்ப் புதியது உள்ளே வந்தால், அதே விமானிகள் இருக்கை மாறி உட்காருவார்கள்; புதிதாக ஆள் தேவையில்லை. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவற்றின் விநியோகக் காலமாகச் சொல்லப்பட்டது 2030 முதல் 2035 வரை. அன்று பதினெட்டு வயதில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த ஒருவருக்கு, அந்த வரிசையின் முதல் விமானம் வரும்போது இருபத்தைந்து வயதாகியிருக்கும்.

இப்படி ஏன் இழுக்கிறது என்றால், வரிசை நீளம். 2024 இறுதியில் விமானம் தயாரிக்கும் ஏர்பஸ் கையில் விநியோகிக்க வேண்டிய விமானங்கள் 8,600-க்கு மேல் இருந்தன. அந்த ஆண்டு முழுவதும் அது விநியோகித்தது 766. வகுத்துப் பாருங்கள், பதினோரு ஆண்டு வேலை. ஆகவே செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் உறுதி எத்தனை? கூடுதலாக வருவது எத்தனை, மாற்றாக வருவது எத்தனை? முதல் விமானம் எந்த ஆண்டு?

அடுத்த இரண்டு ஆண்டில் ஆள் எடுப்பார்களா என்று தெரிய வேண்டுமானால், ஆர்டரைவிடக் குத்தகைச் செய்திகள் நல்ல அறிகுறி. குத்தகை நிறுவனத்திடமிருந்து எடுக்கும் விமானங்கள் பெரும்பாலும் சில மாதங்களிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் வந்து இறங்கும். அதிலும் ஒரு வகை உண்டு: விமானத்தோடு விமானிகளையும் சேர்த்தே வாடகைக்கு எடுக்கும் வெட் லீஸ். "புதிதாகப் பத்து விமானங்கள்" என்று அறிவித்துவிட்டு அத்தனையும் வெட் லீஸாக இருந்தால் உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. இன்னும் சொன்னால், தன் விமானிகள் போதவில்லை என்பதாலேயே சில நிறுவனங்கள் அந்த வழிக்குப் போகும். அப்படியானால் அது நல்ல செய்திதான், ஓர் ஆண்டு கழித்து.

இரண்டாம் படி: ஒரு விமானத்துக்கு எத்தனை விமானி என்று நீங்களே கணக்கிடுங்கள்

ஒற்றை நடைபாதை கொண்ட விமானம் ஒன்று நாளுக்குச் சராசரியாக 12 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,380 மணி நேரம். முன்னறையில் இருவர், ஆகவே 8,760 விமானி மணி நேரம். ஒரு விமானி ஆண்டுக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாட்டிலும் உச்சவரம்பு உண்டு. பல இடங்களில் அது 900 அல்லது 1,000. ஆனால் விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி நாட்கள், வீட்டில் காத்திருக்கும் நாட்கள் எல்லாம் போக, கைக்கு வருவது 700, 750 மணி நேரம்தான். 730 என்று வைத்து வகுத்தால் 12 விமானி: ஆறு கேப்டன், ஆறு துணை விமானி.

கண்டம் விட்டுக் கண்டம் போகும் பெரிய விமானத்துக்கு இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். அது நாளுக்கு 15 மணி நேரம் பறக்கும். நீண்ட பயணங்களில் முறைவைத்துத் தூங்குவதற்காக மூன்று அல்லது நான்கு விமானிகள் ஏறுவார்கள். இருபதைத் தாண்டிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓய்வு விதி மாறினால், ஒரு விமானம்கூடப் புதிதாக வாங்காமலே விமானித் தேவை கூடும். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானப் பயணங்களை ரத்து செய்தது நினைவிருக்கலாம். இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்து வார ஓய்வைக் கூட்டிய புதிய விதிகள் முழுமையாக அமலுக்கு வந்த வேளை அது. நிறுத்தத்தில் விமானம் நின்றது. ஓட்டுவதற்கு விதிப்படி ஓய்வெடுத்த விமானி இல்லை. ஆகவே பணி நேர விதிகளில் என்ன மாற்றம் வருகிறது என்பதையும் ஆர்டர் செய்திகளோடு சேர்த்துப் படியுங்கள். என் அனுபவத்தில் அதுதான் நம்பகமான முன்னறிவிப்பு. விமான ஆலை தாமதமாகும். விதி பெரும்பாலும் சொன்ன தேதியை ஒட்டியே வரும்.

மூன்றாம் படி: பலகையில் இடம் இருக்கிறதா?

இந்தப் படியில்தான் பலர் வழுக்குகிறார்கள், ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

50 விமானமும் 600 விமானிகளும் உள்ள நிறுவனம் ஒன்று, ஓர் ஆண்டில் பத்து விமானம் கூட்ட நினைக்கிறது. 120 விமானி தேவை, அதில் 60 கேப்டன். கேப்டன்களை வெளியிலிருந்து எடுக்காமல் தன் துணை விமானிகளையே உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி உயரும் 60 பேரின் இடமும் காலியாகும். ஆக, புதிய துணை விமானி 60 பேர் போதாது. 120 பேர் வேண்டும். 60 பேருக்குக் கேப்டன் பயிற்சி, 120 பேருக்குப் புதுப் பயிற்சி, மொத்தம் 180 பயிற்சிகள். 120 பேருக்கான தேவை, 180 பேருக்கான பயிற்சியாக வீங்கிவிட்டது.

இப்போது சிமுலேட்டர். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஐந்து அமர்வு, ஆண்டுக்கு 1,825. பணியில் இருக்கும் 600 பேரும் இருவர் இருவராக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு அமர்வு என்று சோதனைக்கு வந்தாக வேண்டும். அதற்கே 1,200 அமர்வு போய்விடும். மீதி 625. புதிதாக ஒரு விமான வகைக்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங் பெற, ஓர் இணைக்குச் சுமார் பத்து அமர்வு. 120 பேர் என்றால் 60 இணை, 600 அமர்வு. கேப்டனாக வேண்டிய 60 பேருக்கு மிச்சமிருப்பது 25 அமர்வு. இதில் சிமுலேட்டர் பழுதாகும் நாட்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெளியே வேறு பயிற்சி மையத்தில் நேரம் வாங்கலாம். ஆனால் ஒரு விமான வகைக்கு எங்கும் தேவை பெருகும் காலத்தில் எல்லோரும் அதே கதவைத்தான் தட்டுவார்கள். அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கும் அமர்வுகள் அப்படித்தான் உருவாகின்றன. அந்த நேரத்தில் எஞ்சின் தீ எச்சரிக்கை மணியடிக்க, கண்ணைக் கசக்கிக்கொண்டே செக்லிஸ்ட் (செய்ய வேண்டியவற்றின் சரிபார்ப்புப் பட்டியல்) படித்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

சிமுலேட்டரையாவது பணம் கொடுத்து வாங்கிவிடலாம். புதியவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சி கேப்டன்களை அப்படி வாங்க முடியாது. சிமுலேட்டரில் தேறியவர் உடனே சாதாரணத் துணை விமானி ஆகிவிடுவதில்லை. பயணிகளோடு பறக்கும் உண்மையான விமானத்தில், பக்கத்தில் பயிற்சி கேப்டன் உட்கார, பல பத்துப் பயணங்கள் போக வேண்டும். அனுபவம் குறைந்தவர்களுக்கு அது நூறையும் தொடலாம். தொடக்கத்தில் சில பயணங்களுக்குப் பின்னிருக்கையில் மூன்றாவதாக ஒரு விமானியும் இருப்பார். இரண்டு மூன்று மாதம் ஒரு பயிற்சி கேப்டனின் வலப்பக்கம் ஒரே ஒரு மாணவருக்குத்தான் இடம். அந்தப் பயிற்சி கேப்டனும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. நல்ல கேப்டன் ஒருவரை வழக்கமான பறத்தலிலிருந்து எடுத்துத்தான் உருவாக்க வேண்டும்.

ஆகவே ஒரு நிறுவனம் பயிற்சி கேப்டன் பதவிக்கு விளம்பரம் செய்வதையோ, புதிய சிமுலேட்டர் வாங்குவதையோ, பயிற்சி மையத்தை விரிவாக்குவதையோ பார்த்தீர்களானால் அதைக் குறித்துவையுங்கள். அடுத்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் அங்கே புதியவர்களுக்கு வாசல் திறக்க வாய்ப்பு அதிகம். நேரடியாகக் கேப்டன்களை மட்டும் வெளியிலிருந்து தேடுகிறார்கள் என்றால், உள்ளே உயர்த்துவதற்கு அனுபவமுள்ள துணை விமானிகள் போதவில்லை என்று பொருள். அந்த இடத்தில் புதியவர்களுக்கு உடனடி வேலை குறைவு. ஆனால் எப்படியோ உள்ளே போய்விட்டவர்களுக்குக் கேப்டன் பதவி சீக்கிரம் வரும்.

நான்காம் படி: திட்டம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று முன்பே யோசியுங்கள்

வளர்ச்சித் திட்டம் என்பது எதிர்காலம் பற்றிய ஒரு நிறுவனத்தின் விருப்பம். அது உற்பத்தி ஆலையின் கையிலும் இருக்கிறது. 737 மேக்ஸ் விமானங்கள் 2019 மார்ச்சில் உலகெங்கும் நிறுத்தப்பட்டன; அமெரிக்காவில் மீண்டும் அனுமதி கிடைத்தபோது 2020 நவம்பர். 2013-இல் அறிவிக்கப்பட்ட போயிங் 777எக்ஸ் 2020-இல் வரும் என்றார்கள்; முதல் விநியோகம் 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. 2023-இல் பிராட் அண்ட் விட்னியின் ஒருவகை எஞ்சினில், பாகங்கள் செய்யப் பயன்பட்ட உலோகத்தூளில் குறைபாடு வெளிவந்ததும், பறந்துகொண்டிருந்த ஏ320நியோ விமானங்களே பரிசோதனைக்காக வரிசைகட்டி நின்றன. விமானம் நின்றால் விமானியும் நிற்பார்.

2024-இல் போயிங் விநியோகம் தாமதமானதால், அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளை விருப்பத்தின்பேரில் சம்பளமில்லா விடுப்பு எடுக்கச் சொன்னது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அதே நாட்டில் விமானி கிடைக்கவில்லை என்று கூக்குரல் எழுந்ததை நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிட் நிறுவனம் அதே ஆண்டு விமானிகளைப் பணியிலிருந்து இறக்கி, நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது. இந்தத் தொழிலில் வெள்ளமும் வறட்சியும் பக்கத்துப் பக்கத்து ஆண்டுகளில் வரும்.

பணிமூப்புப் பட்டியல் வைத்து நடத்தும் நிறுவனங்களில், கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போவார். ஆகவே ஒரு நிறுவனத்தை எடைபோடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். எத்தனை வகை விமானம் வைத்திருக்கிறது? ஒரே வகையை நம்பியிருந்தால் அந்த வகை நிற்கும் நாளில் எல்லாம் நிற்கும். கடந்த சில ஆண்டுகளில் அறிவித்த விநியோகத்தில் எவ்வளவு உண்மையில் வந்தது? ஏர்பஸ், போயிங் இரண்டும் மாதந்தோறும் விநியோகக் கணக்கை வெளியிடுகின்றன. ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் சரிபார்த்துவிடலாம். மூன்றாவது, பணம். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனமானால் காலாண்டு அறிக்கையில் கடன், கையிருப்பு இரண்டையும் பாருங்கள். கணக்குப் பாடம் பிடிக்காதவர்களும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

"அடுத்த 20 ஆண்டில் உலகுக்கு 6,60,000 புதிய விமானிகள் தேவை" என்று போயிங் 2025-இல் வெளியிட்ட கணிப்பு எல்லாப் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரத்திலும் இருக்கும். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். விமானம் விற்பவரின் கணிப்பு என்பதை மட்டும் மறக்காமல் படியுங்கள். இருபது ஆண்டுச் சராசரி, நீங்கள் உரிமம் வாங்கும் ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஐந்தாம் படி: உங்கள் பக்கத்துத் தகுதிகள்

எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று. பயிற்சிக் கட்டணத்தில் ஒரு காசு கட்டுவதற்கு முன்பே இதை வாங்குங்கள். நிறப்பார்வையில் குறை இருப்பதை, பணம் கட்டிய ஆறாவது மாதத்தில் அறிந்து அழுதவர்கள் உண்டு.

சர்வதேச விதிப்படி வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியானால் 150 மணி நேரம் போதும். கேப்டன் ஆவதற்கான உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேரம். பெரும்பாலான நாடுகளில் முதல் உரிமத்தோடேயே துணை விமானியாகச் சேரலாம். அமெரிக்கா விதிவிலக்கு. 2009-இல் கோல்கன் ஏர் என்ற நிறுவனத்தின் விமானம் விபத்துக்குள்ளான பிறகு, 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும்; குறிப்பிட்ட கல்வித் தகுதி உள்ளவர்களுக்கும் ராணுவ விமானிகளுக்கும் கொஞ்சம் சலுகை உண்டு. அதனால் அங்கே பலர் பயிற்றுநராக இருந்து மணி நேரம் சேர்க்கிறார்கள். நீங்கள் எந்த நாட்டு உரிமத்துக்குப் போகிறீர்கள் என்பதே உங்கள் காத்திருப்பின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

சில நிறுவனங்கள் தாங்களே ஆள் தேர்ந்தெடுத்துத் தொடக்கத்திலிருந்து பயிற்சி தரும் கேடட் திட்டம் வைத்திருக்கின்றன. செலவு அதிகம், ஆனால் முடிவில் இருக்கை இருக்கும் என்பது கவர்ச்சி. ஒப்பந்தத்தில் அந்த இருக்கை எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "வேலை வழங்கப்படும்" என்பதற்கும் "நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும்" என்பதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே காணாமல் போகலாம்.

வேலை கையில் இல்லாமல், சொந்தச் செலவில் ஒரு விமான வகைக்கு டைப் ரேட்டிங் வாங்கிவைத்துக்கொள்ளலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. என் பதில்: வேண்டாம். அந்தத் தகுதி ஊறுகாய் போலக் கெடாமல் இருக்காது. காலமுறைப்படி சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சிமுலேட்டர் செலவு. பறக்காமல் கழியும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கை தளரும். நீங்கள் ஏ320-க்கு வாங்கியிருக்க, அந்த ஆண்டு ஆள் எடுப்பவர் 737 வைத்திருப்பார். குறிப்பிட்ட நிறுவனம் எழுத்தில் அழைத்தபின், அது காட்டும் இடத்தில் வாங்குவது வேறு. இடைத்தரகர் யாராவது "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று கட்டணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: விண்ணப்பமும் தேர்வும்

பறந்த நேரத்தையெல்லாம் பதிந்துவைக்கும் ஏடான லாக்புக் முதலில். தேர்வுக் குழுவில் ஆள் குறைந்த ஒரு நாள், கோப்புகளைச் சரிபார்க்க என்னை உட்காரவைத்தார்கள். ஓர் இளைஞர் நன்றாகப் பேசினார், கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்தது. அவருடைய லாக்புக்கில் ஒரு நாள் இரவுப் பறத்தல் என்று இரண்டு மணி நேரம் எழுதியிருந்தது. நேரத்தைப் பார்த்தால் சூரியன் இன்னும் மறையவில்லை. அவர் பொய் எழுதவில்லை. சில பக்கங்களில் உள்ளூர் நேரமும் சில பக்கங்களில் உலகப் பொது நேரமுமாகக் கலந்து எழுதியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் முப்பது நிமிட நேர்காணலில் இருபது நிமிடம் அதை விளக்குவதிலேயே போனது. மீதிப் பத்து நிமிடத்தில் அவரால் நிமிரவே முடியவில்லை. ஒரே நேர முறையில் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்துக் கூட்டலையும் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். விண்ணப்பப் படிவத்தில் எழுதும் மொத்த மணி நேரமும் லாக்புக்கின் கடைசி வரியும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

கணினித் திறன் தேர்வில் மனக்கணக்கு, ஒரே நேரத்தில் இரண்டு வேலை, கை கண் ஒருங்கிணைப்பு என்று வரும். மனக்கணக்கை விமானி மொழியிலேயே பழகுங்கள். 30,000 அடியிலிருந்து இறங்க எங்கே தொடங்குவது? ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால் 90 கடல் மைல். மூன்று பாகைச் சரிவில் தரை வேகம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் ஐந்தால் பெருக்குங்கள், நிமிடத்துக்கு 700 அடி இறக்கம். இவை தேர்வுக்கும் உதவும், பிறகு சிமுலேட்டரிலும் உதவும்.

சிமுலேட்டர் மதிப்பீட்டில் பலர் பயப்படுவது, தெரியாத விமான வகையில் உட்காரவைப்பதைப் பற்றி. அந்த விமானத்தைப் பிசிறில்லாமல் ஓட்டுவீர்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தானியங்கி உதவிகளை அணைத்துவிட்டு, வெறும் கருவிகளைப் பார்த்து ஏறச் சொல்வார்கள், திருப்பச் சொல்வார்கள், இறங்கச் சொல்வார்கள். உயரம் நூறு அடி தவறும். அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே மதிப்பெண். வாயைத் திறந்து "உயரம் தவறிவிட்டது, திருத்துகிறேன்" என்று சொல்லித் திருத்துபவர் தேறுவார். தவறியதை மறைக்கப் பார்ப்பவர், அல்லது அந்த நூறு அடியை நினைத்து அடுத்த ஐந்து நிமிடத்தையும் கோட்டைவிடுபவர் தேறுவது கடினம். பக்கத்தில் இருப்பவர் வேறொரு போட்டியாளராக இருக்கலாம். அவருக்கு உதவுங்கள். அவர் மறந்த செக்லிஸ்ட்டை நினைவூட்டுவது உங்கள் மதிப்பெண்ணைத்தான் கூட்டும்.

நேர்காணலில் அந்த நிறுவனத்தின் விமான எண்ணிக்கை, வகை, வரவிருப்பவை பற்றிக் கேட்பார்கள். மேலே மூன்று படிகளில் செய்த வேலை இங்கே கைகொடுக்கும். எண்களை ஒப்பிக்காதீர்கள். "இத்தனை விமானம் இந்த ஆண்டில் வருகிறது, அதற்கேற்பப் பயிற்சி எப்படி விரிவாகிறது?" என்று ஒரு கேள்வியாகக் கேளுங்கள். எங்கள் மேலாளர் அப்படிக் கேட்ட ஒருவரின் பெயருக்குக் கீழே கோடு போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: கடிதம் வந்தபின்

தேர்வானீர்கள் என்ற கடிதமும் பயிற்சி தொடங்கும் தேதியும் ஒன்றல்ல. பல நிறுவனங்கள் தேறியவர்களைக் காத்திருப்போர் வரிசையில் வைத்துக்கொண்டு, விமானம் வரும்போது தொகுதி தொகுதியாக அழைக்கும். அந்த வரிசை எத்தனை மாதம் செல்லும், அதற்குள் அழைக்காவிட்டால் மீண்டும் தேர்வெழுத வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பணிமூப்பு எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும் கேளுங்கள். உங்களுக்கு ஒரு வாரம் முன்னால் பயிற்சியில் சேர்ந்தவர் பல ஆண்டுகள் உங்களுக்கு முன்னால் விடுப்பும் பணி அட்டவணையும் தேர்ந்தெடுப்பார், உங்களுக்கு முன்னால் கேப்டன் ஆவார்.

பயிற்சிச் செலவுக்கு ஈடாக இத்தனை ஆண்டு பணியாற்றுவேன் என்று கையெழுத்து வாங்குவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா, பயிற்சியில் தேறாவிட்டால் யார் கட்டுவது, நிறுவனமே உங்களை வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்ற மூன்று வரிகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை.

காத்திருக்கும் மாதங்களில் ஒரு தாளில் உங்கள் ஆவணங்களின் காலாவதித் தேதிகளை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்று, நாற்பது வயதுக்குக் கீழே பொதுவாக 12 மாதம். கருவி வழிப் பறத்தல் தகுதி. ஆங்கிலத் தேர்ச்சி பொதுவாக நான்காம் நிலையானால் மூன்று ஆண்டு, ஐந்தாம் நிலையானால் ஆறு ஆண்டு. கடவுச்சீட்டு. பயிற்சிக்கு அழைக்கும் மின்னஞ்சல் பெரும்பாலும் இரண்டு வார அவகாசத்தோடு வரும். யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் விலகியதால் பலகையில் ஒரு கட்டம் காலியாகியிருக்கும். நாங்கள் வரிசையில் இருந்த அடுத்த பெயருக்குத் தொலைபேசியை எடுப்போம். மருத்துவச் சான்று காலாவதியாகிவிட்டது, பத்து நாளில் வாங்கிவிடுகிறேன் என்று அவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அதற்கடுத்த பெயரை அழைப்போம்.